ஆள் குடியிருக்கும் வீட்டை விற்பவர்கள் செய்யும் தவறுகள்

"காலி பண்ணச் சொல்லிட்டேன், நீங்க பார்ட்டியைக் கூட்டிட்டு வாங்க."

வீடு விற்க வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சென்னையில் பல்லாவரம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பழைய ஃப்ளாட்டுகளை விற்றுக் கொடுப்பது என் தொழில். நிறைய வீடுகளில் யாராவது வாடகைக்கு இருப்பார்கள். சில வீடுகளுக்குள் கால் வைக்கவே இடம் இருக்காது. ஹாலில் துவைத்த துணி மலையாகக் கிடக்கும், பால்கனியில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை நிற்கும், அடுப்படி டைல்ஸில் எண்ணெய் படிந்து நிறமே மாறியிருக்கும். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும், முதல் முறை வீடு விற்கும் உரிமையாளர்களும் அந்த வீடுகளில் செய்யும் தவறுகள், வந்த புதிதில் நானும் செய்தவைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் விலை பேசுவது, மூலப்பத்திரம் எங்கே என்று தெரியாமல் விளம்பரம் கொடுப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லா வீட்டுக்கும் பொது.

திட்டிச் சுத்தம் செய்ய வைப்பது

வீட்டை விற்க முடிவு செய்ததும் உரிமையாளர் நேராகப் போய் நிற்பார். "இது வீடா, குப்பைமேடா?" என்பார். அதுவரை வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவந்த குடும்பம், அன்றிலிருந்து போனை எடுக்காது. சனிக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறார் என்றால் அன்றைக்கு ஊருக்குப் போய்விடும்.

வீடு நல்ல விலைக்குப் போனால் குடியிருப்பவருக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. வேறு வீடு தேட வேண்டும், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து தூரம் போக வேண்டியிருக்கலாம், கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியிருக்கலாம். அவர் ஏன் உங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைல்ஸ் தேய்க்க வேண்டும்?

நான் செய்யச் சொல்வது இதுதான். சுத்தம் செய்யும் செலவை உரிமையாளரே ஏற்கட்டும். குடியிருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்லும் நாளில் ஆள் அனுப்பி இரண்டு இடங்களை மட்டும் தேய்த்து எடுக்கட்டும்: குளியலறை, அடுப்படி. போர் தண்ணீரின் உப்புக்கறை போன பைப்பும், பிசுக்குப் போன எக்ஸாஸ்ட் ஃபேனும் வீட்டின் வயதையே குறைத்துக் காட்டும். மீதி அறைகளில் துணியும் புத்தகமும் கிடந்தால் கிடக்கட்டும். வாங்க வருபவருக்கு அது யாருடைய சாமான் என்று தெரியும்.

ஆனால் சாமான் சுவரை மறைக்கக் கூடாது. அட்டைப்பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது வாங்குபவர் மனதில் அங்கே ஒரு நீர்க்கசிவு வந்துவிடும். இருக்கிற கசிவைவிடக் கற்பனைக் கசிவுக்கு அவர் அதிகம் விலை குறைப்பார். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஓரடி தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அது போதும்.

வீடு காட்ட வாரத்தில் இரண்டு நேரங்களை அவரையே சொல்லச் சொல்லி, அதை மீறாதீர்கள். வீடு காட்டும் மாதங்களுக்கு வாடகையில் ஒரு தொகையைக் குறைத்துக் கொடுங்கள். வாடகைச் சட்டமும் நினைத்த நேரத்தில் கதவைத் தட்ட விடுவதில்லை. உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இனி வாடகை ஒப்பந்தம் போடுபவர்கள், விற்பனைக்காக வீட்டைக் காட்டலாம் என்று ஒரு வரியை அதில் சேர்த்துவிடுங்கள்.

சாமான்களோடு படம் எடுத்துப் போடுவது

வேண்டாம். அது அவர்கள் வீட்டு பூஜை அலமாரி, அவர்கள் பிள்ளையின் படம்.

வாய்ச்சொல்லை நம்பித் தேதி எழுதிக் கொடுப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

விலை படிந்துவிடும். வாங்குபவர் பத்து சதவீதம் முன்பணம் கொடுத்து கிரய ஒப்பந்தம் போடத் தயாராக இருப்பார். பத்திரம் எழுதுபவரின் கணினியில் பழைய மாதிரி ஒன்று இருக்கும். அதில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி அச்செடுப்பார். "மூன்று மாதத்துக்குள் காலி சுவாதீனம் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்", அதாவது ஆள் இல்லாத வீடாகக் கொடுக்கிறேன் என்ற வரி அதில் ஏற்கெனவே இருக்கும். உரிமையாளர் கையெழுத்துப் போடுவார். குடியிருப்பவர் என்ன சொன்னார் என்று கேட்டால், "சரி சார், பார்த்துக்கறோம்னு சொன்னாங்க" என்பார்.

அந்த "சரி சார்" ஒரு சம்மதமே இல்லை. வாசலில் நிற்கும் ஹவுஸ் ஓனரை அனுப்பிவைக்கச் சொல்லும் மரியாதை அது.

நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று. உரிமையாளர் துபாயில் இருந்தார். குடியிருந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஹால் முழுக்க வெட்டுத்துணி மூட்டைகள், இரண்டு மெஷின், வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போன உடுப்புகள். படுக்கையறையில் கணவர் சேர்த்துவைத்த பழைய பத்திரிகைகள். "வைகாசியில காலி பண்ணிடறோம் சார்" என்று போனில் சொன்னார்கள். அதை நம்பி உரிமையாளர் ஆனி மாதக் கடைசியில் பதிவு என்று ஒப்பந்தம் போட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன். பார்ட்டி கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தார்.

வைகாசி போனது. அந்த அம்மா வீடு தேடாமல் இல்லை, தேடினார். ஆனால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் பணம் இல்லை. அவருடைய பணம் ஒன்றரை லட்சம் இந்த உரிமையாளரிடம் இருந்தது. அதில் பாதியையாவது முன்னால் கொடுங்கள் என்று கேட்டார். உரிமையாளருக்குச் சந்தேகம். வீடு இருக்கும் நிலையைப் பார்த்தால் பெயிண்டிங், டைல்ஸ், கதவு என்று பிடித்தம் எவ்வளவு வருமோ, காலி செய்த பிறகு கணக்குப் பார்த்துத்தான் தருவேன் என்றார். எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரியாமல் அந்த அம்மாவுக்கு வேறு வீட்டுக்கு டோக்கன் போடத் தைரியம் இல்லை. ஆனியும் போனது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்?

வாங்கியவர் நிலைமையையும் பாருங்கள். 65 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 5.85 லட்சத்தை அவர் தனியாக எடுத்துவைத்திருந்தார். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. தான் குடியிருந்த வாடகை வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். கோபப்பட்டார், நியாயம்தான். கடைசியில் ஆவணியில் பதிவு நடந்தது, பேசிய விலையில் 4 லட்சம் குறைத்து. ஒன்றரை லட்சத்தில் பாதியை முன்னால் கொடுக்க மனமில்லாமல் 4 லட்சம் போனது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தப்படி பத்திரத்தை முடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வாங்குபவர் வழக்குப் போடலாம். குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதில் அவர் பக்கம் முன்பைவிட வலுவாகியிருக்கிறது. மறுபக்கம், வீட்டை விற்கிறேன் என்பது மட்டுமே குடியிருப்பவரை வெளியேற்றப் போதுமான காரணம் ஆகாது. நீங்களே கையெழுத்துப் போட்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஒழுங்கில்லாத வீட்டில் இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. குப்பை வீடு என்றால் விலை குறையும் என்று மட்டும்தான் கவலைப்படுகிறார்கள். முதலில் நஷ்டமாவது நேரம். சாமான் சேர்த்தவருக்கு மூட்டை கட்டுவதே மலைப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போடுவார். அதோடு, வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியும். அட்வான்ஸில் பெரிய வெட்டு விழும் என்ற பயம் இருக்கும், அந்தப் பயம் தீரும்வரை நகர மாட்டார். சுத்தமாக வைத்திருப்பவர் இரண்டு மாதத்தில் போனால் இவருக்கு நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே குடியிருப்பவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் காலி செய்கிறார். பெயிண்டிங்குக்கும் பழுதுக்கும் எவ்வளவு பிடித்தம் என்பதை இன்றே ஒரு தொகையாக முடிவு செய்யுங்கள். பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. புது வீடு பார்த்ததும் அட்வான்ஸில் பாதியை அந்த வீட்டு உரிமையாளரின் கணக்குக்கே நேராக அனுப்புங்கள், பணம் வேறு செலவில் கரையாது. மீதி, சாவி கைக்கு வரும் அன்று. மூட்டை கட்ட ஆளும் ஒரு டாடா ஏஸ் வண்டியும் உங்கள் செலவு. பழைய பேப்பர்காரரையும் நீங்களே வரச் சொல்லுங்கள், பணம் அவர்களுக்கு.

வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில், பதிவுத் தேதியை நாட்காட்டியோடு கட்டாமல் காலி செய்யும் நாளோடு கட்டுங்கள்: "வாடகைதாரர் காலி செய்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பதிவு, எப்படியும் இன்ன தேதிக்குள்." அந்த இன்ன தேதி, குடியிருப்பவர் எழுதிக் கொடுத்ததற்கு இரண்டு மாதமாவது பின்னால் இருக்கட்டும். விஷயத்தை உடைத்துச் சொன்னால் பெரும்பாலான வாங்குபவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர் அவசரத்தில் இருப்பவர், உங்கள் வீடு அவருக்கானது இல்லை.

கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துவது

கூடாது. சட்டம் தடுக்கிறது, மனிதர்கள் செய்யும் வேலையும் இல்லை.

ஆடி, மார்கழி

இந்த இரண்டு மாதத்தில் முடியும்படி நோட்டீஸ் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் படிக்கும் வீடு என்றால் ஏப்ரல், மே மாதம்தான் சரி.

குடியிருப்பவரை வாங்குபவரிடமிருந்து மறைப்பது

அவர் என் சொந்தக்காரர், சும்மா இருக்கிறார் என்று சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருடைய உரிமை என்ன என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்றே 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் வாங்குபவரின் வக்கீல் விவரமானவராக இருந்தால், குடியிருப்பவரிடமே போய் எந்த அடிப்படையில் இருக்கிறீர்கள், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள் என்று கேட்பார். மாதவாடகையா, மொத்தப் பணம் கொடுத்து லீசுக்கு இருக்கிறாரா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பொய் சொன்னவர் பேசும் மற்ற எதையும் அதன்பிறகு அவர்கள் நம்புவதில்லை.

குடியிருப்பவரோடு சேர்த்தே விற்கலாம் என்பதை மறப்பது

எல்லா வாங்குபவரும் குடிவருவதற்காக வாங்குவதில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை வரும் வீடு வசதிதான். 65 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 18,000 வாடகை என்றால் வருடத்துக்கு 2.16 லட்சம், சுமார் 3.3 சதவீதம். பெரிய வருமானம் இல்லைதான், ஆனால் முதல் மாதத்திலிருந்தே வரும். இப்படி விற்றால் புது உரிமையாளர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுவார். இருக்கும் வாடகை ஒப்பந்தம் அவரையும் கட்டும். பதிவுக்கு முந்தைய வாடகை பாக்கி மட்டும் தானாக அவருக்குப் போகாது. அது யாருக்கு என்பதைப் பேசி எழுதுங்கள். அட்வான்ஸ் தொகையை விலையில் கழித்துக்கொண்டார்கள் என்பதையும், இனி அதைத் திருப்பித் தர வேண்டியவர் யார் என்பதையும் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டுவிட்டுப் போனவர்களின் வாடகைதாரர்கள் காலி செய்யும்போது இரண்டு உரிமையாளர்களுக்கும் நடுவில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

விளம்பரம் கொடுப்பதற்கு முன் குடியிருப்பவரிடமே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். சாமானைத் தாறுமாறாகப் போட்டுவைத்திருப்பவரிடம் பணம் இருக்காது என்று யார் சொன்னது? ஒரே வீட்டில் வருடக்கணக்காக இருந்து பழகியவர், பள்ளியும் கோயிலும் பக்கத்தில் என்று விரும்பி வாங்குவார். அவருக்கு வீட்டைக் காட்ட வேண்டியதில்லை, காலி செய்ய வேண்டியதில்லை, தரகும் மிச்சம். எனக்கு வருமானம் போனாலும் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன்.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படுவது

சாவி வாங்கும்போது குடியிருப்பவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: இன்ன தேதியில் காலி செய்து ஒப்படைத்தேன், அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு பெற்றுக்கொண்டேன், வேறு உரிமை கோருவதில்லை என்று. மின்மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் போனவர் எவ்வளவு தர வேண்டும் என்று பிறகு கணக்குப் போட முடியாது. பரணையும் பால்கனி அலமாரியையும் அவர் எதிரிலேயே திறந்து பாருங்கள். மிச்சம் மீதி இருந்தால் அன்றைக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள், அல்லது தேவையில்லை என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். தையல்காரம்மா வீட்டுப் பரணில் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் அவர்களுடைய கல்யாண ஆல்பம் இருந்தது.