சார்ஜ் ஷீட்டோட பென் டிரைவ் வந்தா ஏபிபி முதல்ல என்ன பார்க்கணும்

புதுசா ஏபிபியா, அதாவது அரசு உதவி வழக்கறிஞரா சேர்ந்தவங்களுக்காக எழுதுறேன். 2024 ஜூலை 1ல இருந்து சட்டமும் மாறிடுச்சு, கேஸ் கட்டுல வர்ற பொருளும் மாறிடுச்சு, முன்னாடி மகஜரும் சாட்சி வாக்குமூலமும் படிச்சா போதும், இப்ப சாதாரண அடிதடி கேஸ்ல கூட கவர்ல போட்டு ஒரு பென் டிரைவ் வருது. அதை டிரையல் அன்னிக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க, சார்ஜ் ஷீட் ஒப்பீனியனுக்கு வர்ற அன்னிக்கே போட்டுப் பாருங்க.

நான் பட்டது இது. கடைத் திருட்டு கேஸ், சிசிடிவில முகம் தெளிவா இருக்குன்னு ஐஓ (விசாரணை அதிகாரி) சொன்னாரு, நானும் நம்பிட்டேன். கடைக்காரர் கூண்டுல நிக்கிறாரு, கோர்ட் கம்ப்யூட்டர்ல ஃபைல் ஓப்பனே ஆகல, அந்த டிவிஆருக்குன்னு (கேமரா பதிவைச் சேமிக்கற பெட்டி) இருக்கற பிளேயர் இருந்தாதான் ஓடுமாம். சரி, மின்னணு சாட்சியத்தோட தரவேண்டிய சர்டிபிகேட்டாவது ஒழுங்கா இருக்கான்னு பார்த்தா கையெழுத்து போட்டிருக்கறது எஸ்ஐ. கடைக்காரர் அந்த ஒரு சாட்சியத்துக்காக மூணு தடவை கடையை மூடிட்டு வந்தாரு, இன்னிக்கும் அதை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால முதல் வேலை, ஃபைல் ஓடுதான்னு பாருங்க. தனி பிளேயர் வேணும்னா அதையும் அதே பென் டிரைவ்ல போட்டுத் தரச் சொல்லுங்க.

அடுத்தது சர்டிபிகேட். பழைய சாட்சிய சட்டத்தோட 65பி பிரிவு தான் இப்ப புது சாட்சிய சட்டத்துல 63(4), ஆனா அதுல ரெண்டு பகுதி இருக்கு. ஏ பகுதில அந்தக் கேமராவோ போனோ யாரோட பொறுப்புல இருந்துச்சோ அவங்க கையெழுத்து போடணும், பி பகுதி எக்ஸ்பர்ட் போடறது. ரெண்டுலயும் ஹாஷ் வேல்யூ, அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தர்ற எழுத்து வரிசை, எழுதணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். ஷா256ங்கற முறைன்னா சரியா 64 எழுத்து வரணும், எம்டி5ங்கற முறைன்னா 32. ஒருதடவை விரல் வச்சு எண்ணினேன், 63 தான் இருந்துச்சு, கையால டைப் அடிச்சதுல ஒண்ணு விட்டுப்போச்சு. காப்பி பேஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் நீங்களே பென் டிரைவ்ல இருக்கற ஃபைலுக்கு ஹாஷ் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஒத்துப்போகலைன்னா வீடியோ வாட்ஸ்அப்ல வந்துச்சான்னு கேளுங்க, வாட்ஸ்அப் வீடியோவை சுருக்கிடும், அப்ப ஹாஷ் மாறிடும். ஃபைல் பேரை மட்டும் மாத்தியிருந்தா ஹாஷ் மாறாது, அதுக்காக பயப்பட வேண்டாம்.

சர்டிபிகேட்டே இல்லைன்னா? கேஸ் போச்சுன்னு நினைக்காதீங்க. அர்ஜுன் பண்டித்ராவ் கேஸ்ல 2020ல சுப்ரீம் கோர்ட் 65பி பத்தி சொன்னது இப்பவும் கைகொடுக்கும், டிரையல் முடியறதுக்குள்ள தாக்கல் பண்ணலாம், தரவேண்டியவர் தர மறுத்தா கோர்ட்ல மனு போட்டு வாங்கலாம். ஆனா கடை டிவிஆர்ல பழைய பதிவு மேலேயே புதுசு ஏறிட்டே இருக்கும், அதனால ஒரிஜினலை அப்பவே கைப்பத்தினாங்களான்னு ஐஓகிட்ட முதல் நாளே கேட்டுடுங்க.

பொண்ணுங்க, குழந்தைங்க சம்பந்தப்பட்ட வீடியோன்னா ரொம்ப கவனமா இருங்க. எதிர்த்தரப்பு காப்பி கேட்டா யோசிக்காம சரின்னு சொல்லிடாதீங்க, பாதிக்கப்பட்டவங்க அந்தரங்கம் அடங்கின மெமரி கார்டா இருந்தா பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம்னு 2019லயே கேரளா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதைக் காட்டி எதிர்ப்பு தெரிவிங்க. உங்க போன்ல அந்த வீடியோவை வாங்கவே வாங்காதீங்க.

கடைசியா ஐசிஜேஎஸ். போலீஸ், கோர்ட், ஜெயில், தடயவியல், பிராசிக்யூஷன் அஞ்சையும் சேர்க்கற சிஸ்டம், உண்மையிலேயே நல்ல விஷயம், பெயில் பெட்டிஷன் வந்தா பழைய கேஸைத் தேட அலைய வேண்டியதில்ல. ஆனா ஸ்டேஷன்ல என்ன ஏத்துனாங்களோ அதுதான் நமக்கு வரும். எழிலரசன்னு ஒருத்தர் இருந்தா அந்த ழகரத்தை இங்கிலீஷ்ல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மாதிரி அடிச்சிருப்பாங்க, ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு வராது. எல்லா ஸ்பெல்லிங்கும் போட்டுப் பாருங்க, அப்பா பேரையும் சேர்த்துத் தேடுங்க, அப்பவும் வரலைன்னா ஸ்டேஷன் ரைட்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு அப்புறமா கோர்ட்ல பிரீவியஸ் கேஸ் இல்லைன்னு சொல்லுங்க.