சப்பாத்திக்கள்ளி மடல்: சத்துக்கு முன் பாலைப் பாருங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) ஓரத்தில் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்து, மண்ணில் உருட்டி முள்ளைத் தேய்த்துத் தின்று நாக்கு சிவந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மடலையும் சமைக்கலாம் என்றால் மட்டும், "ஏங்கண்ணு, மாடே மோந்து பாத்துட்டுப் போயிருமே!" என்பார் எங்கள் அம்மத்தா. மெக்சிகோவில் அது சந்தையில் விற்கும் சாதாரணக் காய்; 'நோபால்' என்று பெயர். இதைக் கேள்விப்பட்டு அரிவாளோடு வேலிக்குப் போகிறவர்களுக்காகத்தான் இது.

கள்ளி என்றாலே எல்லாம் ஒன்று என நினைப்பதுதான் ஆபத்தான தவறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். கீறினால் வெள்ளைப் பால் வடியும்; அது நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சப்பாத்திக்கள்ளியில் பால் வராது, வெண்டைக்காய் போலக் கொழகொழப்புத்தான் வரும். பாலைப் பார்த்தால் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நசுக்கினால் ரத்தச் சிவப்பாகும் பூச்சி அது. கள்ளி பெருகி நிலத்தை அடைத்துக்கொண்ட காலத்தில், அதை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சி.

அப்புறம் இந்தக் கால்சியம் கதை. 100 கிராம் பச்சை நோபாலில் கால்சியம் சுமார் 160 மில்லிகிராம். "பாலைவிட அதிகமாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தக் கணக்கை வைத்துத்தான். எண் சரி, முடிவு தப்பு. அதில் பெரும்பகுதி ஆக்சலேட்டோடு (சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் இருக்கும் பொருள்) சேர்ந்து படிகமாக இருக்கிறது. அந்தப் படிகம் தண்ணீரில் கரையாது. வேகவைத்து வடித்தாலும் மடலிலேயே தங்கும், குடலும் அதை எடுத்துக்கொள்ளாது. எலும்புக்கு வேண்டுமென்றால் தயிரும் ராகிக்களியும் போதும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மடலைத் தொடாமலிருப்பதே நல்லது. இன்னொன்று, இந்த எண்கள் மெக்சிகோவில் பயிரிடும் இனத்துக்கு உரியவை. நம் வேலியில் இருப்பது வேறு இனம்.

புரதத்தையும் எதிர்பார்க்காதீர்கள்: 100 கிராமில் 1.3 கிராம்தான். கொள்ளில் 20 கிராமுக்கு மேல். மடலில் 94 பங்கு தண்ணீர், 16 கலோரி. அதன் உண்மையான பலம் 2 கிராமுக்குச் சற்று மேலான நார்ச்சத்தும் அந்தக் கொழகொழப்பும்தான். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பிடித்து நிறுத்துவது இவைதான். அதற்காக மாத்திரையை நிறுத்துவது மடத்தனம். மாத்திரையோடு தினமும் சேர்த்தாலும் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முள் விஷயத்தில் பெரிய முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறோம், வம்பு செய்வது கண்ணுக்குத் தெரியாத சுணை முள். இடுக்கியில் பிடித்துத் தீயில் வாட்டி, மேடுகளைக் கத்தியால் சீவி, கழுவ வேண்டும். ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும் இளமடல் போதும். முற்றியது நார் நாராக இருக்கும்.

விடியற்காலையில் அறுத்துவிட்டுப் புளிக்கிறதே என்று கொட்டிவிடாதீர்கள். இந்தச் செடி ராத்திரியில் காற்றை வாங்கிப் புளிப்பாகச் சேர்த்துவைக்கும், வெயிலில் அதைச் செலவழிக்கும். பிற்பகலில் அறுத்தால் புளிப்பு குறைந்திருக்கும். காலையில் அறுத்ததா? சரி, குழம்பில் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.