கழுத்துப் பிடிப்புக்கு போவன் சிகிச்சை: என் அனுபவம்

குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றுகிறவர்களுக்கு வருமே, அதே கழுத்துப் பிடிப்புதான் எனக்கும். தளர்ந்தது போவன் சிகிச்சையில். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் டாம் போவன் உருவாக்கிய முறை.

எண்ணெய் கிடையாது; மெல்லிய பருத்தி உடையோடு படுத்தால் போதும். கட்டைவிரலால் தோலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, தசையின் ஓரத்தில் லேசாக அழுத்தி, அதன் குறுக்கே உருட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். உடனே கையை எடுத்துவிட்டு, இரண்டு நிமிடமாவது அறையை விட்டே போய்விடுவார்கள். 'காசு வாங்கிட்டு எங்க போனாரு?' என்று தோன்றும். அந்த இடைவெளியும் சிகிச்சையில் சேர்த்திதான். வலி கழுத்தில் இருந்தாலும் தொடங்குவது இடுப்புப் பக்கம். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அடுத்தது ஒரு வாரம் கழித்து.

காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டில்தான். தைலம், வெந்நீர் ஒத்தடம், வேறு மசாஜ் எதுவும் நாலைந்து நாளைக்கு வேண்டாம். சிகிச்சை எடுத்த அன்று அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கணும். வேலூர் வெயிலுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லவே வேண்டாம். மறுநாள் உடம்பு அசதியாக இருக்கலாம்.

ஆய்வுச் சான்று குறைவான முறை இது. கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ முதலில் டாக்டரிடம் போங்கள்.