'கெட்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? அடுத்த சொல்லைப் பார்த்தே கண்டுபிடிக்கும் முறை

ஆங்கில அகராதியில் 'கெட்' என்ற சொல்லைத் தேடினால் பொருள்களின் பட்டியல் முடியவே முடியாது. அதை மனப்பாடம் செய்ய உட்காருவது வீண் வேலை. தனியாக நிற்கும்போது இந்தச் சொல்லுக்குப் பிடிமானமே கிடையாது. பக்கத்தில் வந்து உட்காரும் சொல்தான் அதற்குப் பொருள் தருகிறது. அதனால் 'கெட்'டைத் தாண்டி, அடுத்து வருவது ஒரு பொருளின் பெயரா, தன்மையா, இடமா, வினையா, ஆளா என்று மட்டும் பாருங்கள்.

வடிவங்களை முதலில் முடித்துவிடலாம். நிகழ்காலத்தில் 'கெட்', இறந்தகாலத்தில் 'காட்'. மூன்றாவது வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'காட்', அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'காட்டன்'. (தமிழில் எழுதினால் ஒன்று கடவுளாகவும் மற்றது பருத்தித் துணியாகவும் தெரியும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.)

படி 1: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

கிடைத்தது, வாங்கினேன், எடுத்து வந்தேன் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

"ஐ காட் எ லெட்டர்": எனக்கு ஒரு கடிதம் வந்தது.
"ஐ காட் எ நியூ ஃபோன்": புது ஃபோன் வாங்கினேன்.
"கெட் மீ எ சேர்": எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வா.

இரண்டாவது வாக்கியத்தில் ஃபோன் காசு கொடுத்து வாங்கியதா, பரிசாக வந்ததா என்று தெரியாது. காசு கொடுத்ததைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'பாட்' என்ற சொல்லைப் போடுங்கள். மூன்றாவதில் 'மீ' என்பதற்கு முன்னால் 'டு' போடக்கூடாது.

நோயும் இந்த வகைதான். "ஐ காட் எ கோல்ட்" என்றால் சளி பிடித்துவிட்டது.

படி 2: அடுத்து ஒரு தன்மை வந்தால்

இங்கே பொருள் 'ஆகுதல்'. "இட் இஸ் கெட்டிங் டார்க்" என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. "ஐ ஆம் டயர்ட்" என்பது இப்போதுள்ள நிலை, களைப்பாக இருக்கிறேன். "ஐ ஆம் கெட்டிங் டயர்ட்" என்பது மாற்றம், களைப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தப் படியில்தான். காரணம் நம் வாக்கிய அமைப்பு. 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறோம். கோபம் என்ற பெயர்ச்சொல் நம்மை நோக்கி வருகிறது. அதையே ஆங்கிலத்தில் வைத்து "ஐ ஆம் கெட்டிங் ஆங்கர்" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கோபம் வருவதில்லை, ஆள் கோபக்காரராக ஆகிறார். ஆகவே "ஐ ஆம் கெட்டிங் ஆங்க்ரி". தூக்கம் வந்தால் 'ஸ்லீப்' இல்லை, 'ஸ்லீப்பி'. பசித்தால் 'ஹங்ரி'. பயம் வந்தால் 'ஸ்கேர்ட்'.

சலிப்புக்கு 'போர்ட்' என்று முடியவேண்டும். "ஐ ஆம் கெட்டிங் போரிங்" என்று சொன்னால், என்னோடு பேசினால் உங்களுக்குச் சலிப்பு வரும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

சந்தேகம் வேறு விதம். பாடத்தில் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் "ஐ ஆம் கெட்டிங் எ டவுட்" வேண்டாம். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" போதும். 'டவுட்' என்ற சொல்லுக்குப் பொதுவாக நம்பிக்கையின்மை என்ற சாயல் உண்டு. நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்பதுபோல் எதிராளிக்குக் கேட்கலாம்.

படி 3: அடுத்து இடம் வந்தால்

போய்ச் சேர்வது. "வி காட் டு தி ஸ்டேஷன் அட் 6": 6 மணிக்கு நிலையத்தை அடைந்தோம். இடத்துக்கு முன் 'டு' தேவை. ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகிய மூன்றுக்கும் முன்னால் அது வராது. "ஐ காட் ஹோம்" சரி, "ஐ காட் டு ஹோம்" தவறு.

வண்டியில் ஏற, எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே உட்காரும் காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. சைக்கிளில் நடமாட முடியாதுதான், ஆனாலும் மேலே ஏறி உட்காருவதால் அதற்கும் 'ஆன்'. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நம்மிடம் பழகிப்போன 'கெட் டவுன்' பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ விசித்திரமாகக் கேட்கும். அங்கே அது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவதற்கு, அல்லது 'குனிந்துகொள்' என்று கத்துவதற்கு.

படி 4: அடுத்து வினையின் மூன்றாவது வடிவம் வந்தால்

நமக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். 'காட் காட்' (முதலாவது 'கெட்'டின் இறந்தகாலம், இரண்டாவது 'கேட்ச்' என்பதன் மூன்றாம் வடிவம்) என்றால் மாட்டிக்கொண்டான். 'காட் ஹர்ட்' அடிபட்டது, 'காட் லாஸ்ட்' வழி தவறியது. கல்யாணமும் இங்கேதான். "ஷி காட் மேரேஜ்" இல்லை, "ஷி காட் மேரிட்". யாரை என்று சேர்த்தால் 'வித்' வராது, 'டு' வரும்.

இடையில் ஒரு பொருளின் பெயர் நுழைந்தால் பொருளும் மாறும்: வேறொருவரைக் கொண்டு செய்துகொள்வது. தமிழில் 'முடி வெட்டினேன்', 'சட்டை தைத்தேன்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கத்திரி நம் கையில் இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலம் அப்படி விட்டுக்கொடுக்காது. "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். "ஐ காட் மை ஹேர் கட்" என்றால்தான் முடிதிருத்துபவர் வெட்டினார். வரிசையை மாற்றிவிடாதீர்கள்: கெட், பொருள், மூன்றாம் வடிவம்.

படி 5: அடுத்து ஆள், பிறகு 'டு', பிறகு வினை

இது தமிழின் 'வை'. "ஐ காட் ஹிம் டு அக்ரீ": அவனை ஒப்புக்கொள்ள வைத்தேன். இதில் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்த சாயல் இருக்கிறது. வற்புறுத்தல் என்றால் "ஐ மேட் ஹிம் அக்ரீ". அங்கே 'டு' கிடையாது. இரண்டையும் குழப்பி 'டு'வை இடம் மாற்றிப் போடுவது வழக்கமான பிழை.

படி 6: 'காட் டு' வந்தால் நின்று கவனியுங்கள்

"ஐ காட் டு மீட் ஹர்": அவளைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நடந்து முடிந்தது.
"ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்": அவளைச் சந்தித்தே ஆகவேண்டும். இனிமேல்தான்.

'ஹேவ்' ஒன்றுதான் வித்தியாசம். பேச்சில் அது தேய்ந்து 'ஐவ்' ஆகி, சில சமயம் காணாமலே போய்விடும்; 'காட் டு' இரண்டும் சேர்ந்து 'காட்டா' ஆகும். அப்போது முன்பின் வரும் பேச்சை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். 'நேற்று' போன்ற கடந்தகாலச் சொல் இருந்தால் வாய்ப்பு, இல்லையென்றால் பெரும்பாலும் கட்டாயம். 'ஹேவ் காட்' என்பதற்குப் பின் பொருள் வந்தால் வெறும் 'இருக்கிறது': "ஐ ஹேவ் காட் எ கார்". அமெரிக்கர்களும் இந்த இரண்டு இடங்களிலும் 'காட்டன்' சொல்வதில்லை.

மிச்சம் மீதி

"ஐ டோன்ட் கெட் இட்" என்றால் புரியவில்லை. ஃபோன் அடிக்கும்போது "ஐ வில் கெட் இட்" என்றால் நான் எடுக்கிறேன். 'கெட் அப்' எழுந்திருப்பது, 'கெட் ஓவர்' நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது, 'கெட் ரிட் ஆஃப்' ஒழித்துக்கட்டுவது. இந்த மாதிரி ஜோடிகளுக்குச் சூத்திரம் இல்லை. எதிர்ப்படும்போது வாக்கியத்தோடு எழுதி வைத்துக்கொள்வதே வழி.

அலுவலகக் கடிதத்திலும் தேர்விலும் இந்தச் சொல்லைக் குறையுங்கள். அது பேச்சுக்குரியது. கிடைத்ததற்கு 'ரிசீவ்ட்', ஆனதற்கு 'பிகேம்', சேர்ந்ததற்கு 'அரைவ்ட்' என்று எழுதலாம். 'அரைவ்ட்' போட்டால் அதன்பின் 'டு' வராது, 'அட்' அல்லது 'இன்' வரும்.

பயிற்சி

கீழே உள்ள ஐந்தும் எந்தப் படி என்று விடையைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

அ) "மை ஷூஸ் காட் வெட்."
ஆ) "ஷி காட் தி கார் ரிப்பேர்ட்."
இ) "கெட் தேர் பை நைன்."
ஈ) "ஹவ் டிட் யூ கெட் தெம் டு ஸ்டாப்?"
உ) "தே காட் டு சீ தி ஸீ எஸ்டர்டே."

விடை: அ) படி 2, காலணி நனைந்துவிட்டது. ஆ) படி 4, காரை ஆள் வைத்துச் சரிசெய்தாள். இ) படி 3, ஒன்பதுக்குள் அங்கே போய்ச் சேர். ஈ) படி 5, அவர்களை எப்படி நிறுத்த வைத்தாய்? உ) படி 6, நேற்று அவர்களுக்குக் கடலைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இதைப் 'பார்த்தே ஆகவேண்டும்' என்று படித்திருந்தால் கடைசிச் சொல்லைக் கவனிக்கவில்லை என்று பொருள். படி 6-ஐ இன்னொரு முறை படியுங்கள்.