லைம் நோயில் மூளையின் ரத்த ஓட்டத்தை ஸ்பெக்ட் ஸ்கேன் மூலம் ஆராயும் முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கருங்கால் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய், சிலரிடம் மறதியையும், பேசும்போது சொல் கிடைக்காத தடுமாற்றத்தையும் உண்டாக்குகிறது. அவர்களுடைய எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் இயல்பாகவோ, எதையும் உறுதிப்படுத்தாத சில வெண்புள்ளிகளுடனோ இருப்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேனை ஆய்வாளர்கள் நாடினர்.

ஸ்கேனுக்கு முன்பே, ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். இருகட்ட ரத்தப் பரிசோதனையில் லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா கிருமிக்கான எதிர்ப்பொருள் உறுதியாகி, நினைவாற்றல் தேர்விலும் குறைபாடு பதிவானவர்களை மட்டுமே சேர்ப்பது நல்லது. மனச்சோர்வும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், ஒப்பீட்டுக் குழுவில் ஆரோக்கியமானவர்களோடு லைம் நோயில்லாத மனச்சோர்வு நோயாளிகளும் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத ஆய்வை நான் பாதி ஆய்வாகவே கருதுவேன்.

ஆய்வு நாளன்று காபி, புகையிலை, மது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லி, உட்கொள்ளும் மருந்துகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். டெக்னீசியம்-99எம் என்னும் கதிர்வீசும் தனிமம் சேர்ந்த எச்எம்பிஏஓ மருந்து, செலுத்திய சில நிமிடங்களுக்குள் மூளைத் திசுவில் தங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே, படம் பின்னர் எடுக்கப்பட்டாலும், அதில் பதிவது ஊசி போட்ட வேளையின் ரத்த ஓட்டமே. இக்காரணத்தால் ஊசிக்குழாயை முன்கூட்டியே பொருத்திவிட்டு, மங்கலான, சத்தமில்லாத அறையில் நோயாளியைக் கண் திறந்தபடி படுக்க வைத்து, குத்திய வலி அடங்கிய பிறகு, பேச்சுக் கொடுக்காமல் மருந்தைச் செலுத்த வேண்டும். அதன் பின்னும் ஐந்து நிமிடம் அதே அமைதி தொடர வேண்டும். அந்நேரத்தில் செவிலியர் பெயரைக் கேட்டு, நோயாளி பதில் சொன்னால்கூட மூளையின் செயல்பாடு மாறிவிடும். எல்லாருக்கும் ஒரே அறை, ஒரே நடைமுறை என்பது கட்டாயம்.

சுமார் 90 நிமிடம் கழித்து, தலையை அசையாமல் நிறுத்தி, அந்தக் கதிரைப் பதிவு செய்யும் காமா கேமராவைத் தலைக்கு மிக நெருக்கமாக 360 பாகையும் சுழற்றிப் படமெடுக்க வேண்டும். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

ஸ்பெக்ட் வழக்கமாக ஒப்பீட்டு அளவையே தரும் என்பதால், ஒவ்வொரு பகுதியின் கதிர் எண்ணிக்கையையும் சிறுமூளை போன்ற ஓர் ஆதாரப் பகுதியின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பகுதி என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், முடிவுக்கேற்ற பகுதியைத் தேடும் ஆசை வந்துவிடும். படத்தைப் படிப்பவருக்கு நோயாளி யார், ஒப்பீட்டாளர் யார் என்பது தெரியக் கூடாது.

1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூளையின் முன்மடல் பகுதிகளில் குறைந்திருந்த ஓட்டம், செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் ஒரு மாதம் தந்த சிகிச்சைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு சீரடைந்தது. ஆயினும் சிகிச்சை பெறாத குழு இல்லாமல், அம்மாற்றத்தை மருந்தின் பயன் என்று உறுதியாகக் கூற இயலாது. 2009-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் கதிர்மருந்தைக் கொண்டே படமெடுக்கும் மற்றொரு முறையான பெட் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தோடு மூளைத் திசுவின் வளர்சிதை மாற்றத்தையும் அளந்து, இரண்டும் குறைந்திருப்பதைக் கண்டனர். திசுவின் வேலை குறைந்தாலே அதற்கு வரும் ரத்தமும் குறையும்; ஆகவே ரத்தக் குழாயில்தான் கோளாறு என்று ஸ்பெக்ட் படத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயிலும் இதே போன்ற திட்டுத்திட்டான குறைவு வருவதால், தனி ஒருவருக்கு லைம் நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இப்படத்தைப் பயன்படுத்தலாகாது. அந்த எச்சரிக்கையை நோயாளியிடம் தரும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.