வட்டம் சுற்றுகிறதா, படம் திக்குகிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ, ஆடியோ பழுது பார்ப்பது

ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ நடுவில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டுதான்: ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், இல்லையென்றால் நெட்காரருக்கு போன் போடுவார்கள். சில நாள் அது பலிக்கவும் செய்யும். ஆனால் படம் திரைக்கு வர மூன்று இடம் தாண்ட வேண்டும்: தெருவிலிருந்து ரவுட்டர் வரை வரும் லைன், ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வைஃபை, வந்ததை விரித்துப் படமாக்கும் கம்ப்யூட்டர். அடைப்பு எங்கே என்று பார்க்காமல் நெட் பிளானை மட்டும் 40 எம்பிபிஎஸ்ஸிலிருந்து (விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) 100-க்கு ஏற்றினால் காசுதான் போகும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு பெயர்கள் லேசாக மாறலாம்.

முதலில் ஒரு வலது கிளிக்

யூடியூபில் ஏதாவது ஒரு வீடியோவை ஓட விட்டு, படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி திறந்து நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம், நமக்கு மூன்று வரி போதும்.

'பஃபர் ஹெல்த்' என்பது, இனி ஓட வேண்டிய படத்தில் எத்தனை விநாடி ஏற்கனவே வந்து இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவில் மேல்தொட்டி மட்டத்தைப் பார்ப்போமே, அது போல. 20 விநாடிக்கு மேல் நின்றால் கவலையில்லை. 8, 5, 2 என்று இறங்கி 0-வைத் தொடும்போது வட்டம் சுற்றினால் வரத்து போதவில்லை. பழுது நெட் பக்கம். நேரலையில் இந்த எண் எப்போதுமே குறைவாகத்தான் நிற்கும், அதனால் பதிவு செய்த வீடியோவில் பாருங்கள்.

'ஃப்ரேம்ஸ்' வரியில், இதுவரை வந்த 3000 படத்துண்டில் 14 'டிராப்டு', அதாவது காட்ட முடியாமல் விட்டவை, என்கிற மாதிரி எண்கள் இருக்கும். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து விழுவது சகஜம். தொட்டி நிறைய இருக்கிறது, ஆனால் இந்த எண் மட்டும் விநாடிக்கு விநாடி ஏறுகிறது, படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, சத்தம் ஒழுங்காக வருகிறது என்றால் நெட்டைத் திட்டாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது.

மூன்றாவது 'கோடெக்ஸ்', அதாவது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஏவிசி1, விபி09, ஏவி01 இவற்றில் எது எழுதியிருக்கிறது என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழுது நெட் பக்கம் என்றால்

முதலில் கணக்கு. யூடியூப் சொல்லும் அளவுப்படி, படத் தெளிவு 480பி-க்கு 1.1 எம்பிபிஎஸ், 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 20 போதும். அதாவது 40 எம்பிபிஎஸ் பிளான் ஒழுங்காக வந்து சேர்ந்தால் ஒரு குடும்பமே ஆளுக்கொரு 1080பி பார்க்கலாம். எம்பிபிஎஸ் என்பதில் முதல் 'பி' பிட், பைட் அல்ல. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு விநாடிக்கு 12 எம்பி-யில், அதாவது மெகாபைட்டில், ஓடினால் அது முழு வேகம்தான். ஏமாற்று வேலை அல்ல.

இனி, அடைப்பு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரிக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி (cmd) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் ஒரு எண் தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. அடுத்து 'பிங்' (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு அந்த எண், மறுபடி ஒரு இடம் விட்டு மைனஸ் குறியும் அதை ஒட்டி t எழுத்தும் (-t) போட்டு என்டர். வரி வரியாகப் பதில் ஓட ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் ஓட விட்டு, கன்ட்ரோல் கீயோடு சி அழுத்தினால் நிற்கும்.

கேபிளில் இணைத்திருந்தால் ஒவ்வொரு பதிலும் 1 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை இருக்கலாம். நடுநடுவே 200, 400 என்று எகிறினாலோ 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ பழுது உங்கள் கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் வரை சுத்தமாக வருகிறதென்றால் அதே சோதனையை 8.8.8.8 என்ற முகவரிக்கு, அதாவது கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை), ஓட்டுங்கள். இங்கே பதில் தவறினால் வெளி லைனில் கோளாறு. இரண்டு திரையையும் நேரத்தோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்தால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகரும்.

வீட்டுக்குள் பழுது என்றால் பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டர் வைத்திருக்கும் இடம். இரும்பு பீரோவின் மேல், டிவி ஷோகேஸ் கதவுக்குள், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் என்று பார்வைக்குத் தெரியாத இடமாகத் தேடி வைப்போம். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். ஆள் மட்ட உயரத்தில், திறந்த இடத்தில், கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு ஒரே ஒரு சுவர் குறுக்கே வரும்படி வையுங்கள். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையில் ஓடும்; பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிந்தால் அதில் இணையுங்கள். வேகம் அதிகம், பக்கத்து வீட்டு இரைச்சல் குறைவு. ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தூரம் போகும், ஆனால் சேலத்து அக்ரஹாரம், செவ்வாய்ப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இருபது வீட்டு ரவுட்டர் அதே பாதையில்தான் கத்திக்கொண்டிருக்கும். வேறு வழியில்லை என்றால் ரவுட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 இவற்றில் எது காலியோ அதற்கு மாற்றுங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் வீடியோ நின்றால் அதுவும் இந்த 2.4 விவகாரம்தான்.

டெஸ்க்டாப் நகராது. அதற்கு ரவுட்டரிலிருந்து ஒரு கேட்5இ நெட் கேபிள் இழுத்துவிடுவதே நிரந்தர வைத்தியம். உள்ளே நான்கு ஜோடிக் கம்பி இருக்கும்; ஒரு ஜோடி அறுந்தாலும் வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100-க்கு இறங்கிவிடலாம். இறங்கினால் இறங்கட்டும், 4கே-வுக்கே 20 போதும் என்று பார்த்தோமே.

டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பக்கம் திறப்பது கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம். ஓட ஆரம்பித்த வீடியோ நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏற்காடு வீடுகளுக்குத் தனியாக

மலைமேல் பனி இறங்கினால் நெட் போகும் என்ற நம்பிக்கை உண்டு. வைஃபை, 4ஜி அலைகளைப் பனிமூட்டம் ஒன்றும் செய்வதில்லை. மறைப்பது மலை முகடும், மழையில் நனைந்து அடர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களும்தான். மொபைல் டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகி விடாமல், ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு டவர் இருக்கும் திசை ஜன்னலில் வையுங்கள். ஓரடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். பழைய கருங்கல் சுவர் பங்களாக்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்குக்கூடப் போகாது, கேபிள்தான்.

ஃபைபர் வைத்திருப்பவர்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் வரும் முன் பெட்டியைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. குரங்கு தொங்கியதோ, கிளை விழுந்ததோ, வெளியில் அறுந்திருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. சுவரோரம் மஞ்சள் ஒயர் கூர்மையாக மடங்கியிருந்தால் மட்டும் அகலமாக வளைத்து விடுங்கள்.

பழுது கம்ப்யூட்டரில் என்றால்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வீடியோ ஓடும்போது சிபியு, அதாவது கம்ப்யூட்டரின் மூளை, 90, 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய எந்திரங்களில் காரணம் அந்தக் கோடெக் வரியில் இருக்கும். விபி09 வகைப் படத்தைத் தனிச் சில்லு கொண்டு விரிக்கும் வசதி இன்டெலில் 7-ம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக வந்தது. ஏவி01-க்கு 11-ம் தலைமுறை. அதற்கு முந்தைய எந்திரம் இந்த வகைப் படங்களைப் பெரும்பாலும் சிபியுவைக் கொண்டே அரைக்கும். 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். அல்லது ஏவிசி1 வகையை மட்டும் கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் சின்னத் துணை நிரல்) போடுங்கள். அதில் யூடியூப் 1080பி வரைதான் தரும்.

புது எந்திரமும் திணறினால் குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் 'கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வந்து படம் மட்டும் கறுப்பாகவோ பச்சையாகவோ வந்தால் அதையே அணைத்துச் சோதியுங்கள். முரண்டு பிடிப்பது டிஸ்ப்ளே டிரைவராக இருக்கும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால் சூடு. சிபியு 100 டிகிரி பக்கம் போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில், தறி ஓடும் வீடுகளில், ஃபேனுக்கும் அலுமினியத் தகடுக்கும் நடுவே பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். கரண்ட் ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொண்டு புளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தறிகெட்டுச் சுழன்று பேரிங் போகும்.

இன்னொன்று யாரும் சந்தேகப்படாதது. எந்த வீடியோ தளமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கையே வந்தால் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் மறந்துவிடும். தேதி தப்பானால் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி புதுப் பேட்டரி போட்டு, தேதியைத் தானியங்கிக்கு மாற்றினால் சரி.

சத்தம் மட்டும் வம்பு செய்தால்

சத்தமே இல்லையா? ஸ்பீக்கர் சின்னத்தைத் தட்டி, எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் விண்டோஸ் சத்தத்தை மானிட்டருக்கு அனுப்பிவிடும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. பிரவுசர் டேபில் ஸ்பீக்கர் மேல் கோடு இருந்தால் வலது கிளிக் செய்து எடுத்துவிடுங்கள். விஜிஏ கேபிளில் சத்தம் போகவே போகாது.

இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா? ஹெட்போன் ஜாக் பாதிதான் உள்ளே போயிருக்கிறது, அல்லது எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அப்போது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். இரண்டிலும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். 'கிளிக்' என்று கேட்கும் வரை அழுத்துங்கள். மலையில் ஈரத்தால் ஜாக் கறுத்திருந்தால் ஐசோபிரைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் தகர டப்பாவாக ஒலித்தால் ஏதோ ஒரு மீட்டிங் ஆப் அதன் மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அடிக்கடி விட்டு விட்டு வந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், புளூடூத்தும் 2.4-லேயே ஓடுகிறது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் வளையம், அதாவது இரண்டு கருவியின் எர்த்தும் வெவ்வேறு வழியில் போய்ச் சேர்வதால் வரும் தொல்லை. லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் போர்டில் போடுங்கள். எர்த் பின்னை ஒடிக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டவே வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம். கம்ப்யூட்டரில் எதையும் நோண்டாதீர்கள்.