செராமிக் இடுப்பு மூட்டில் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்?

மதுரையில் எலும்பு அறுவை சிகிச்சை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். செயற்கை மூட்டின் உறையைப் பிரித்து மருத்துவர் கையில் வைப்பது என் வேலை. செராமிக் (பீங்கான் வகைப் பொருள்) இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம் "இது தேயவே தேயாது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அது பாதிதான் உண்மை. அது உடையவும் கூடும் என்ற மீதிப் பாதி தெரியாததால் சிலர் உடைந்த மூட்டுடனேயே பல வாரம் நடந்துவிட்டு வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதத்தைக் கையில் எடுங்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் நுனியில் அமரும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்துக்குள் பொருந்தும் லைனர் ஆகிய நான்குக்கும் பெட்டியிலேயே ஒட்டுச்சீட்டு வரும். நிறுவனத்தின் பெயர், அளவு, பொருள், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் அதில் இருக்கும். ஒரு தொகுதியை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவோம். இன்னொன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். பதினைந்து வருடம் கழித்துப் பந்து உடைந்தால், பந்து ஏறி அமரும் தண்டின் கழுத்து எந்த அளவு, எந்த வகை என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எலும்போடு நன்றாகப் பிடித்திருக்கும் தண்டையும் தொடை எலும்பைப் பிளந்து எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

அந்தச் சீட்டிலிருந்து உங்கள் மூட்டின் தலைமுறையும் தெரியும். பிரான்ஸின் போ நகரில் பியர் பூத்தன் என்ற அறுவை மருத்துவர் 1970இல் அலுமினா என்ற செராமிக்கால் ஆன முதல் மூட்டைப் பொருத்தினார். பழைய அலுமினாப் பந்து தந்த நிறத்தில் இருக்கும். இப்போது பெரும்பாலும் வைப்பது அலுமினாவோடு சிர்கோனியா என்ற இன்னொரு செராமிக் கலந்த, இளஞ்சிவப்பு நிறப் பந்து. 'பயோலாக்ஸ் டெல்டா' என்று சீட்டில் போட்டிருக்கும். சிர்கோனியாவில் மட்டுமே செய்த பந்துகளும் ஒரு காலத்தில் இருந்தன. பிரான்ஸில் ஒரு தயாரிப்பாளர் 1998இல் சூளையை மாற்றிய பிறகு வந்த பந்துகள் உடையத் தொடங்க, 2001இல் அவை திரும்பப் பெறப்பட்டன. 2001க்கு முன் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் தங்கள் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனித் தேய்வு. பழைய வகைப் பாலிஎதிலீன் (பிளாஸ்டிக்) லைனர் வருடத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். செராமிக்கோடு செராமிக் உரசும் மூட்டில் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் பந்து கிண்ணத்தின் நடுவில் உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றால் கதை வேறு. கழற்றி எடுத்த ஒரு பந்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்; எல்லாப் பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மருத்துவர் சாதாரண பென்சிலை அதன் மேல் தேய்த்தார். வழவழப்பான இடத்தில் கரி ஒட்டவில்லை. ஓர் இடத்தில் மட்டும் பிறை வடிவில் சாம்பல் நிறப் பட்டை எழுந்தது. லைனரின் விளிம்பு அழுத்தி அழுத்திச் சொரசொரப்பாக்கிய இடம் அது. அந்த நோயாளி நீண்ட நாளாகக் கீச்சொலி கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

விளிம்பில் ஏறுவதற்குக் கிண்ணம் பொருந்திய கோணம் ஒரு காரணம். சாய்வு 40 பாகை, முன்திருப்பம் (கிண்ணம் முன்பக்கம் திரும்பியிருக்கும் கோணம்) 15 பாகை, இரண்டிலும் பத்து பாகை கூடக் குறைய இருக்கலாம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுத்த முதல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம். இன்னொரு காரணம் நம் பழக்கம். குத்துக்காலிட்டு உட்காரும்போது தண்டின் கழுத்து லைனரின் முன்விளிம்பில் இடித்து, பந்தை நெம்பிப் பின்விளிம்புக்குத் தள்ளுகிறது. இந்திய வகைக் கழிப்பறையை மாற்றச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். வீட்டில் பெரியவர்கள் இதைக் கேட்க மறுத்தால், செலவு பார்க்காமல் மேற்கத்திய இருக்கை ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிடுங்கள்.

சத்தத்தில் இரண்டு வகை உண்டு. "சிஸ்டர், எண்ணெய் போடாத கதவு மாதிரி கீச்சென்கிறது" என்று சிலர் வருவார்கள். வலி இல்லையென்றால் இது அவசரம் இல்லை. பலருக்கு மறு அறுவையே தேவைப்படாது. எந்த அசைவில் வருகிறது, படியேறும்போதா, குனியும்போதா, நாற்காலியிலிருந்து எழும்போதா என்று குறித்துக்கொண்டு, கைபேசியில் ஒலிப்பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலியும் சேர்ந்து வந்தாலோ சத்தம் நாளுக்கு நாள் கூடினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

நறநறவென்று மணல் அரைபடுவது போன்ற உணர்வு வேறு. அது திடீரென்று தொடங்கினால் உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால்தான் உடையும் என்றில்லை. வலி பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தக் காலில் எடை போடுவதை அப்போதே நிறுத்திவிட்டு, வாக்கரோ ஊன்றுகோலோ வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வோர் அடியிலும் சில்லுகள் பொடிப்பொடியாகிச் சதைக்குள் புதைகின்றன, தண்டின் கழுத்தையும் கீறுகின்றன.

பந்து உடைந்தால் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். லைனரின் விளிம்பு சிதறியது சில வேளை அதில் தெரியாது. "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று சொன்ன பிறகும் நறநறப்பு நீடித்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். லைனரைப் பற்றி நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பிரிட்டனின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், சுமார் 80 ஆயிரம் டெல்டா பந்துகளில் 7தான் உடைந்திருந்தன. ஏறக்குறைய அதே எண்ணிக்கை லைனர்களில் 101 உடைந்திருந்தன. லைனர் உலோகக் கிண்ணத்தில் சற்றுக் கோணலாக இறங்கினாலே விளிம்பு தெறித்துவிடக்கூடும். அதனால்தான் அடித்து இறுக்குவதற்கு முன் எங்கள் மருத்துவர் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பார். தண்டின் கழுத்தில் ஒரு துளி ரத்தமோ கொழுப்போ இல்லாமல் துடைத்து உலர்த்திய பிறகே பந்தை ஏற்ற விடுவார். அந்த இரண்டு நிமிடத்தில் அரங்கில் யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

மறு அறுவை என்று முடிவானால் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விடாதீர்கள்: "புதிதாக வைக்கப்போவது எந்தப் பந்து?" செராமிக் உடைந்த மூட்டுக்குள் கோபால்ட்-குரோம் பந்து போகவே கூடாது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வை எவ்வளவு கவனமாக வெட்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் உள்ளே தங்கும். உலோகத்தைவிடக் கடினமான அந்தச் சில்லுகள் பந்தை அரைத்துத் தள்ளும். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 55 வயது ஆண் ஒருவர் இதயம் செயலிழந்து, பார்வையும் செவியும் மங்கிய நிலையில் வந்த விவரம் 2014இல் லான்செட் இதழில் வெளியானது. உடைந்த செராமிக்குக்குப் பதிலாக வைத்த உலோகப் பந்து அரைபட்டு, கோபால்ட் அவர் உடலெங்கும் பரவியிருந்தது. சரியான வழி, சவ்வை முழுமையாக நீக்கிவிட்டு மீண்டும் செராமிக் பந்தே வைப்பது. பழைய தண்டு இருக்கட்டும் என்றால், அதன் கழுத்துக்கும் புதிய பந்துக்கும் நடுவே டைட்டானியம் உறை வைத்து வரும் பந்து வேண்டும்.

கழற்றிய துண்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் ஒரு திட்டத்தை நடத்துகிறது. உங்கள் மருத்துவரைக் கொண்டு, அல்லது நீங்களே, லாட் எண்ணோடு அங்கே தெரிவியுங்கள்.

ஏற்கெனவே செராமிக் உடைந்து, உலோகப் பந்து வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இதைப் படித்தால், இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் கோபால்ட் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். காது மந்தமாகி வருகிறது, பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அதற்கும் இடுப்புக்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடாமல் அதையும் சேர்த்தே அவரிடம் சொல்லுங்கள்.